அர்த்தநாரியின் லாரியில் அடைபட்ட காற்று

வட்டக்காட்டில் காற்று நின்றுபோன வருஷம் என்று அந்தப் பக்கத்தில் இன்னும் சொல்வார்கள். அந்த வருஷத்துப் பங்குனியில் வேம்பு அசையவில்லை, கொடியில் போட்ட சேலை போட்ட மடிப்பிலேயே கிடந்தது, விசைத்தறிக் கூடத்திலிருந்து வந்த பஞ்சுத்தூசு தரையில் இறங்கவும் தெரியாமல் மேலே போகவும் தெரியாமல் ஆள் உயரத்தில் நின்றது, அதே பங்குனியில்தான் பாவாயி தன் புருஷனின் பழைய லாரியைக் கிளப்பியே ஆகவேண்டுமென்று மெக்கானிக் சிக்கந்தர் பாயை வரச்சொன்னாள்.

புருஷன் அர்த்தநாரிக்கு மூச்சு போதவில்லை. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர், அதற்கும் அப்பால் போய், ஆரஞ்சும் வெங்காயமும் கோதுமையுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த மனுஷன், இப்போது கயிற்றுக் கட்டிலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி ஒரு பெயரைக்கூட ஒரே தடவையில் சொல்ல மாட்டாமல் இருந்தார். ‘பா’ என்று தொடங்கி, நின்று, நெஞ்சைத் தேடி, ‘வாயி’ என்று அவர் முடிப்பதற்குள் அவள் அடுக்களையிலிருந்து எதிரே வந்து நின்றுவிடுவாள். காவிரிக்கு அந்தக் கரையில் நெஞ்சு வியாதிக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. உடனே கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகன் கார் கொண்டுவந்தார். அர்த்தநாரி கட்டில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“என் வண்டி... நிக்கையில... நான் எதுக்கு... அடுத்தவன் வண்டியில...”

“உங்க வண்டிக்கடியில கோழி முட்டை வெச்சு அடைகாக்குதுங்க,” என்றாள் பாவாயி.

“கோழிய... எந்திரிக்கச் சொல்லு,” என்றார் அவர்.

அதனால் கோழி எழுப்பப்பட்டது. டயரைச் சுற்றி முளைத்திருந்த குப்பைமேனி பிடுங்கப்பட்டது. சிக்கந்தர் பாய் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. பாய் இறங்கிப் பின்னால் போய் சைலன்ஸர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“புகையே இல்லீங்கக்கா. டீசல் என்ஜினுக்குப் போய்ச் சேரலை.”

டேங்கைக் கழற்றிக் கழுவினார், புது டீசல் ஊற்றினார், ஃபில்டரை மாற்றினார், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடியும் என்ஜின் உருண்டதே தவிரப் பிடிக்கவில்லை.

“அப்ப ஏர்தான். டீசல் போற வழியில எங்கியோ காத்து மாட்டிக்கிட்டு நிக்குது. அதை வெளிய விட்டுட்டா தானாக் கிளம்பிரும். ஒரு டீ குடிக்கற நேரம்.”

ஃபில்டர் தலையிலுள்ள திருகாணியைச் சற்றே தளர்த்திவிட்டுக் கைப்பம்பைக் கட்டை விரலால் அழுத்தினார். எந்த லாரியிலும் அந்த இடத்தில் நுரை வரும், கொஞ்சம் காற்றுக்குமிழி முட்டை முட்டையாக வரும், பிறகு கண்ணாடி மாதிரி டீசல் வரும், திருகாணியை இறுக்கிவிடலாம். இந்த லாரியில் நுரை வந்தது, முட்டை வந்தது, பிறகு காற்று வந்தது, அது நிற்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. பாயின் கட்டை விரல் ஓய்ந்துபோயிற்று. விரலை எடுத்த பிறகும் அது தன்பாட்டுக்கு உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது; பொழுது சாய்வதற்குள் வாசலில் கிடந்த சருகெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, வேம்பின் தாழ்ந்த கிளை ஒன்று ஆடத் தொடங்கி, தெரு முழுக்க உரித்த ஆரஞ்சின் வாசம் பரவியது.

“ஏர் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்குது,” என்றார் பாய்.

அவ்வளவுதான் அவர் சொன்னார். காற்றில்லாத ஊருக்குக் காற்று வந்தால் அது எங்கிருந்து வந்ததென்று யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம்தான் முதலில் கோரைப்பாயைக் கொண்டுவந்து லாரிக்கு முன்னால் விரித்தாள். அவள் புருஷனும் டிரைவர்தான், அப்போது வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தான்.

“ஏனுங்கக்கா, நாங்கெல்லாம் கரண்டு பில்லுக் கட்டி ஃபேன் போட்டுட்டு வேகறோம், நீங்க ஓடாத லாரிய நிறுத்தி வெச்சு ஊருக்கே காத்து விடறீங்க!”

மறுநாள் ஆரஞ்சு போய்விட்டது, ஈர மண்ணும் இலையும் வாசமடிக்கும் மழைக்காற்று வந்தது. துணி உலர்த்த வந்தவர்கள் திட்டிக்கொண்டே எடுத்துப்போனார்கள். அதற்கடுத்து மணல் கலந்த வறண்ட காற்று வந்தபோது ஊர்ப்பெண்கள் அத்தனை பேரும் ஜவ்வரிசி வத்தல் பிழிந்துகொண்டு வந்துவிட்டார்கள், பிழிந்த கை ஈரம் காய்வதற்குள் வத்தல் காய்ந்தது. குளிர்காற்று ஒன்று வந்தது. தறிக்கூடத்துக்காரர்கள் கம்பளி கிடைக்காமல் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு எதிரே உட்கார்ந்து, சித்திரை வெயிலில் பல் தந்தியடிக்க, அதில் ஒரு பெருமையோடு, எழுந்து போக மறுத்தார்கள். மீன் நாற்றமடித்த கடற்காற்று வந்த அன்றைக்கு அய்யர் வீட்டிலிருந்து ஆள் வந்து கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விட முடியுமா என்று கேட்டுப்போனார். காலையில் எள்ளும் கம்பும் தூற்றுகிறவர்களுக்கு, உச்சியில் தறிக்காரர்களுக்கு, சாயந்திரம் பெண்களுக்கு என்று பஞ்சாயத்தில் பேசி முடிவாயிற்று. பள்ளிக்கூடத்து டீச்சர் இந்திய வரைபடத்தை லாரியின் கதவில் மாட்டி, பிள்ளைகளைக் கண்ணை மூடச்சொல்லி, மூக்கால் மாநிலம் கண்டுபிடிக்கச் சொன்னாள். கடுகெண்ணெய் வாசத்துக்கு ஒரு பிள்ளை ‘எங்க பாட்டி ஊறுகாய்’ என்று சொல்லி, அதுவும் சரிதான் என்று மார்க் வாங்கியது. பஞ்சர் கடைப் பொன்னுரங்கம் லாரி டியூப், சைக்கிள் டியூப் எல்லாவற்றையும் கொண்டுவந்து திருகாணிக்குப் பிடித்து நிரப்பிக் கட்டிக்கொண்டு போனான், வைகாசிக்கு வேண்டுமே என்று.

டிரைவர்களின் பெண்சாதிகள்தான் நெடுநேரம் இருந்தார்கள். பூசாவல், தூலியா, ஜான்சி என்ற வடக்கத்தி ஊர்களெல்லாம் அவர்களுக்குப் போனில் கேட்ட சத்தங்கள், இன்றைக்கு வரமாட்டேன் என்பதற்கு இன்னொரு பெயர். இப்போது அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக முகத்தில் வந்து மோதின, கூந்தலைக் கலைத்தன. ஒருநாள் சாயந்திரம் நெய்யில் புரட்டிய ரொட்டியும் யாரோ தலைக்குத் தடவிய எண்ணெயுமாக ஒரு காற்று வந்தது.

“இதுதான் தூலியாவா?” என்றாள் சம்பூர்ணம். “எங்க வீட்டுக்காரரு அங்க போனா வண்டி ரிப்பேராயி ரெண்டு நாள் நின்னுரும். இப்பத்தானே தெரியுது, ரிப்பேரு இவ்வளவு வாசமா இருக்கும்னு!”

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், எல்லோரும் எழுந்துபோன பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பாவாயி மட்டும் உட்காரவில்லை. வாசலுக்குக் காற்று வர வர உள்ளே கட்டிலில் இருந்தவருக்கு உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. “இன்னும் எவ்வளவு பாய்?” என்று அவள் தினமும் கேட்டாள். “முடியப்போவுதுங்கக்கா,” என்று அவரும் தினமும் சொன்னார். முடிந்தால் லாரி கிளம்பும், கிளம்பினால் அவர் ஏறுவார், ஏறினால் பிழைப்பார். இந்தக் கணக்கை அவள் சோறு வடிக்கும்போதும் அவர் முதுகைத் தடவிவிடும்போதும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில், தூற்றுகிறவர்கள் விட்டுப்போன உமியைப் பானெட்டிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். கரும்புப் பாகு காயும் வாசத்தோடு வந்துகொண்டிருந்தது அன்றைய காற்று. அந்தக் கரும்பு வாசத்துக்குக் கடைசியில், வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி, கிராம்பு வாசம் வந்தது. குனிந்து திருகாணிக்கு முகத்தைக் கொடுத்தாள். கிராம்புதான். ஆரஞ்சிலும் அது இருந்ததே, மழையிலும் மணலிலும் இருந்ததே, ஊரே முகர்ந்தபோது தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று! பிடுங்கச் சொன்னால் பிடுங்க மாட்டேனென்று அவர் வைத்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லுக்காக, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தகர டப்பாவில் கிராம்பு போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

“பாய், இந்த வண்டியில டீசல் அளவு காட்டற முள்ளு எப்ப வேலை செஞ்சுது?”

“எப்பவும் இல்லீங்கக்கா. அண்ணன் டேங்கைத் தட்டிப் பார்த்தே ஓட்டுவாரு. தட்டினது தப்பாப் போனா நடுவழியில நிக்கும். கேன்ல டீசல் வாங்கி ஊத்திட்டு, டேங்கு வாயில வாய வெச்சு ஊதுவாரு, டீசல் முன்னால தள்ளிட்டுப் போறதுக்கு. கைப்பம்பு இருக்குதேண்ணேன்னா, யாரு ஓட்டறாங்கன்னு வண்டிக்கும் தெரியட்டும்பாரு. அண்ணன் ஊதாத ஊரு வடக்க ஏதுங்க...”

பாய் லாரியைத் திரும்பிப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துத் திருகாணியை இறுக்கினார். வேம்பின் கிளை நின்றது.

“இது காத்தில்லீங்க பாய்,” என்றாள் பாவாயி. “இது அவரு மூச்சு.”

வட்டக்காட்டில் யாரும் இதைச் சந்தேகிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் செய்தது மட்டும்தான் ஞாபகம் வந்தது. ஒரு மனுஷன் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, அவர் மூச்சில் எள் தூற்றியிருக்கிறோம். வெயில் ஊரின் மேல் திரும்ப வந்து உட்கார்ந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. முதலில் பொன்னுரங்கம் வந்தான், தோளில் டியூப்களைப் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்கு மாலை கொண்டுவருகிறவனைப் போல. தறிக்காரர்கள் ஜமுக்காளத்தை உதறாமல் அப்படியே மடித்துக் கொண்டுவந்தார்கள், குளிர் இன்னும் மடிப்புக்குள் இருக்குமென்று. சம்பூர்ணம் வத்தலைப் பொரித்துத் தட்டில் எடுத்துவந்தாள்.

“வேற எப்படித் திருப்பித் தர்றதுன்னு தெரியலீங்கண்ணா. காத்துல காஞ்சது, இதுக்குள்ளதான இருக்கும்?”

அர்த்தநாரி ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்து, மென்று, “உப்பு கம்மி,” என்றார். ஒரே மூச்சில் சொன்னார். அதைக் கேட்டுச் சம்பூர்ணம் அழுதுவிட்டாள்.

கட்டிலைத் தூக்கி லாரியின் பானெட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள். பொன்னுரங்கம் டியூபின் வாயை அவர் முகத்தருகே வைத்து மெல்ல விட்டான். டியூப்கள் தீர்ந்ததும் பாய் திருகாணியைக் கால் திருப்புத் திருப்பினார், அதற்குமேல் இல்லை. அர்த்தநாரி கண்ணை மூடி இழுத்தார். நகக்கண்ணில் நீலம் போய்ச் சிவப்பு வந்தது. தோள் இறங்கியது. அப்புறம், முப்பது வருஷமாக ‘போனேன், வந்தேன்’ என்பதைத் தவிர வழியைப் பற்றி ஒன்றும் சொல்லாத மனுஷன், பேசினார்.

“அங்க ஆரஞ்சு மரத்துக்கடியில ராத்திரி படுத்தா, பழம் விழற சத்தம் கேட்டுட்டே இருக்கும் பாவாயி. யாரோ நம்மளத் தேடிட்டு மெதுவா நடந்து வர்ற மாதிரி இருக்கும்.”

“நெசமாலுமா? மரத்துல இருக்கறப்ப அது என்ன நெறத்துல இருக்கும்?” என்று கேட்டாள் அவள்.

கேட்டிருக்கக் கூடாது. அவள் கேட்டாள், அவர் சொன்னார்; நர்மதையில் வெள்ளம் வந்து லாரிகளெல்லாம் கரையில் வரிசைகட்டி நின்றதை, பாஷை தெரியாத ஒரு சர்தார் தன் தட்டில் பாதியைத் தள்ளி வைத்ததை, மணல் காட்டில் ஒட்டகம் ஒன்று ஜவ்வரிசி மூட்டையைக் கிழித்துத் தின்றுவிட்டு வெள்ளை வாயோடு நின்றதை. ஒவ்வொரு கதைக்கும் ஓர் ஊரின் காற்று செலவாயிற்று. கதை முடிந்ததும் தோள் மறுபடி ஏறிக்கொள்ளும், அடுத்த ஊரைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அவள் இதைக் கண்டுகொண்டபோது வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதெல்லாம் எதிரே வந்து நிற்கிறது, ஒரு கேள்வி கேட்டால் ஒரு நாள் குறைகிறது.

“பேசாதீங்க. மூச்ச வெச்சுக்கங்க.”

“வெச்சுக்கறதுக்கா மூச்சு?” என்றார் அவர். அடுத்த கதையை ஆரம்பித்தார்.

கடைசியாக ஊதியது முதலில் வந்தது, முதலில் ஊதியது கடைசியில் வரவேண்டும். ஆகவே காற்றுக்கு நாளுக்கு நாள் இளமை கூடியது. அர்த்தநாரியின் குரல் கனத்தது. கல்யாணமான புதிதில் தெரு முனையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வருவாரே, அந்தக் குரலாயிற்று.

“அக்கா, காத்தோட டீசல் கலந்து வருது,” என்றார் பாய் ஒருநாள் காலையில். “இன்னும் ஒண்ணோ ரெண்டோதான். முடிஞ்சதும் வண்டி கிளம்பிரும், நேரா ஆஸ்பத்திரி. ஆனா வழியில அண்ணனுக்கு... கையில மிச்சம் ஒண்ணும் இருக்காதுங்க.”

பாவாயி தலையசைத்தாள். அவளுக்கு வேறொரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. இந்த லாரியில் கிராம்பு வாசமில்லாத மூச்சு ஒன்று இருக்கவேண்டும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதபோது, புது வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு அவர் பவானிக்குப் போனார். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. அன்றைக்குத்தான் அந்தக் கடைவாய்ப் பல் முதன்முதலாக வீங்கி, அவர் கன்னம் இட்லி மாதிரி உப்பி, வாயைத் திறக்க முடியாமல் இருந்தார். கீழே காவிரி போய்க்கொண்டிருக்க, அவள் இறங்கி, தாலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, டேங்கு வாயில் வாய் வைத்து ஊதினாள். வண்டி கிளம்பியதும் அவர் பிதுங்கிய வாயால் சொன்னது, “வெளிய சொல்லிறாதே,” என்பதுதான். டிரைவர்கள் தெருவில் பொம்பளை டேங்கு ஊதின வண்டி என்று ஒரு பேர் வந்தால் ஆயுசுக்கும் போகாது. அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அவளை அந்த வண்டியில் ஏற்றவும் இல்லை.

அந்த மூச்சு இருக்கிறதா, இல்லை வழியிலேயே எரிந்து போயிற்றா?

பாய் திருகாணியைத் திருப்பினார். வாசமில்லாமல் வந்தது. பிறகு மெதுவாக மஞ்சள் வாசம் வந்தது, புதுச்சேலையின் கஞ்சி வாசம் வந்தது, ஆற்று வாசம் வந்தது. அர்த்தநாரி அதைப் பாதி இழுத்தவர் நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

“இது நான் ஊதுனதில்லை.”

“பின்ன யாருங்கண்ணா?” என்றார் பாய்.

ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது, சம்பூர்ணம் தட்டோடு, பொன்னுரங்கம் காலி டியூபோடு. பாவாயி சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அர்த்தநாரி மீதியையும் இழுத்தார், நெஞ்சு கொள்ளும்வரை இழுத்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

“இவதான்,” என்றார். “பவானிப் பாலத்துல. எனக்கு வாய் வீங்கிப்போச்சு, இவதான் இறங்கி ஊதுனா. என்னைவிட நல்லா ஊதுனா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. “அதானே பார்த்தேன்,” என்றாள் சம்பூர்ணம், “இத்தனை வருஷம் இந்த வண்டி எப்படி ஓடுச்சுன்னு.” அப்புறம்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

திருகாணியில் கண்ணாடி மாதிரி டீசல் வந்தது. பாய் இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். லாரி ஒரே உருட்டில் பிடித்துக்கொண்டது, கறுப்பாகப் புகையைக் கக்கியது, காற்றில்லாத வானத்தில் அந்தப் புகை கலையாமல் தூண் மாதிரி நின்றது. அர்த்தநாரியைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கேபினில் உட்காரவைத்தார்கள். பாவாயி தண்ணீர்ச் சொம்பையும் துணிமூட்டையையும் பின்னால் லோடு ஏற்றுமிடத்தில் வைத்து, அங்கேயே ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள்.

“அங்க எங்க போறே?” என்றார் அவர், சீட்டில் ஒதுங்கிக்கொண்டே. “முன்னால ஏறு.”

பாய் ஓட்ட, வண்டி ஊரைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஏறி, காவிரிப் பாலத்தையும் தாண்டியது. அர்த்தநாரி பேசவில்லை. பவானியில் வாங்கின மூச்சைச் சில்லறையாக, சில்லறையிலும் சில்லறையாகச் செலவழித்துக்கொண்டு வந்தார். பாவாயி அவர் நகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், அது இன்னும் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியாத, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லாத ஓரிடத்தில், ஒரு பக்கம் செங்கல் சூளையும் மறுபக்கம் கரும்புச்சாறு வண்டியுமாக இருந்த, பேர் எழுதாத ஓரிடத்தில், லாரி இருமியது, இழுத்தது, நின்றது.

பாய் இறங்கிப்போய் டேங்கைத் தட்டிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“அத்தனை நாள் காத்து போனதுல டீசலும் போயிருக்குதுங்க. முள்ளு இல்லாத வண்டின்னு தெரிஞ்சும் நான் பார்க்கலை பாருங்க.” கேனை எடுத்துக்கொண்டு ஓடி, சூளைக்காரரின் டிராக்டரிலிருந்து டீசல் வாங்கி வந்து ஊற்றினார். “நான் ஊதறேன். ரெண்டு நிமிசம்.”

“நகருங்க பாய்,” என்றாள் பாவாயி.

இறங்கி நின்று அவள் முதலில் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். சூளையில் வேகிற மண்ணின் வாசம், கரும்புச் சக்கையின் வாசம், அதில் நசுக்கிய இஞ்சியின் வாசம், தூரத்தில் எங்கோ யாருக்கோ பெய்துகொண்டிருக்கிற கோடை மழையின் வாசம். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்தாள். தாலியைப் பின்னுக்குத் தள்ளினாள். டேங்கு வாயைத் தலைப்பால் துடைத்து, வாயை வைத்து, நெஞ்சு காலியாகும்வரை ஊதினாள். டீசல் குழாய்க்குள் முன்னேறிப் போகும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மறுபடி ஊதினாள். என்ஜின் பிடித்துக்கொண்டது.

“பாவாயி,” என்றார் அவர் கேபினிலிருந்து, முழுப்பெயரையும் ஒரே மூச்சில். “போதும். வண்டி கிளம்பிருச்சு. ஏறு.”

“இருங்க,” என்றாள் அவள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தபடி. “இன்னும் ஒண்ணு ஊதி வெச்சுட்டு வர்றேன்.”